கோலப் போட்டியை விட்டுவிட்டு ஒரு தடவை தெருவுக்கு வாருங்கள்

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், சென்னை மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும், வாக்காளர் விழிப்புணர்வு வேலை பார்க்கும் எல்லோருக்கும்,

வணக்கம். நான் சென்னையில் பள்ளி ஆசிரியையாக இருந்து 2024 மே மாதம் ஓய்வுபெற்றவள். பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது, அதனால்தான் இந்தத் தைரியம். சர்வீஸில் இருந்தபோது பதினோரு தேர்தலில் வாக்குச்சாவடி வேலை பார்த்திருக்கிறேன். முதலில் விரலில் மை வைக்கிற வேலை, அப்புறம் பட்டியலில் பெயர் பார்க்கிற வேலை, கடைசி ஐந்து தடவை சாவடித் தலைமை அலுவலர். மெஷினைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து, விடிகாலை மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, ராத்திரி பதினோரு மணிக்கு மண்டல அலுவலரின் வண்டி எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள்.

இன்னும் நாலைந்து மாதத்தில், 2026-ல், சட்டமன்றத் தேர்தல். நீங்கள் வழக்கம்போல ஆரம்பித்துவிடுவீர்கள்: கோலப் போட்டி, மாரத்தான், கடற்கரையில் மணல் சிற்பம், பலூன், பால் பாக்கெட்டில் வாசகம், நடிகர் பேசுகிற வீடியோ. பள்ளிப் பிள்ளைகள் கையில் அட்டையைக் கொடுத்து வெயிலில் ஊர்வலம். அந்த ஊர்வலங்களில் என் வகுப்புப் பிள்ளைகளையும் அனுப்பியிருக்கிறேன், நானும் பின்னாலேயே குடை பிடித்துப் போயிருக்கிறேன். ஓட்டே இல்லாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டிருந்த வீடுகளைப் பார்த்து "ஓட்டளிப்பது நம் கடமை" என்று கத்திக்கொண்டு போவார்கள். எந்த ஜன்னலும் திறந்து நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் பின்னால் உங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. சென்னைக்காரன் சோம்பேறி, அவனுக்குப் பொறுப்பு இல்லை, அவன் மனசாட்சியை உசுப்பினால் வந்துவிடுவான் என்று. டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அது தப்பு. ஒரு ஆள் ஓட்டுப் போட வருவதும் வராததும் பாதிக்கு மேல் அவர் குடியிருக்கிற தெருவைப் பொறுத்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாடு முழுக்க 69.72 விழுக்காடு, தர்மபுரி 81.20, வட சென்னை 60.11, தென் சென்னை 54.17, மத்திய சென்னை 53.96. மாநிலத்திலேயே கடைசி இடம் மத்திய சென்னைக்கு. (அன்று சாயங்காலம் முதலில் வெளியான கணக்கில் சென்னையின் மூன்று தொகுதியும் 67-ஐத் தாண்டியிருந்தன. "அடடே, இந்த முறை சென்னை விழித்துக்கொண்டது" என்று எங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் கைதட்டுகிற பொம்மை போட்டார். மறுநாள் பார்த்தால் மத்திய சென்னையில் பதிமூன்று புள்ளிக்கு மேல் காணோம்.)

"நீண்ட விடுமுறை, ஊருக்குப் போய்விட்டார்கள்" என்று ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கம் வரும். சரி, 2019-ல் வியாழக்கிழமை தேர்தல், மறுநாள் புனித வெள்ளி. 2024-ல் வெள்ளிக்கிழமை தேர்தல். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2021 ஏப்ரல் 6 செவ்வாய்க்கிழமை, முன்னாலும் வேலைநாள், பின்னாலும் வேலைநாள். அப்போதும் சென்னை மாவட்டம் 59 விழுக்காட்டில்தான் நின்றது, கரூர் 83-ஐத் தாண்டிப் போனது. அப்புறம் 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தல், சனிக்கிழமை. குப்பை அள்ளுவதற்கும் தெருவிளக்குக்கும் கேள்வி கேட்க வேண்டிய கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல், அதுவும் பத்து வருடத்துக்கு மேல் கழித்து வந்தது. நூற்றுக்கு 43 பேர்தான் வந்தார்கள். அதே நாளில் பேரூராட்சிகளில் 74 விழுக்காட்டுக்கு மேல். காலண்டரைக் குற்றம் சொல்லி எத்தனை நாள் ஓட்டுவது?

இது சென்னைக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. 2024-ல் பெங்களூரு தெற்கு 53, ஐதராபாத் 48. பெருநகரம் என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் நகரத்துக்குள்ளேயே ஏன் தெருவுக்குத் தெரு மாறுகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை.

நான் பார்த்த இரண்டு சாவடியைச் சொல்கிறேன்.

2019-ல் வியாசர்பாடியில் ஒரு பள்ளி. காலை ஆறேகாலுக்கே வாசலில் பெண்கள் வரிசை. எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்கள். உள்ளே கட்சி ஏஜெண்டுகள் நாலு பேர், நாலு பேருமே அதே வார்டுக்காரர்கள். பட்டியலில் நாங்கள் பெயரை வாசித்தால் ஸ்கேலை வைத்துக் கோடு போடுவார்கள். வருகிறவர் முகத்தைப் பார்த்தே "மாடி வீட்டு அக்கா, அடுத்த பக்கம் பாருங்க டீச்சர்" என்று சொல்வார்கள், எனக்கு முன்னாலேயே வரிசை எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, இதுவரை வராத எண்கள் ஒரு துண்டுச் சீட்டில் வெளியே போகும். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் ஒரு பாட்டி வந்து இறங்குவார், பின்னாலேயே இன்னொரு கட்சியின் ஆட்டோவில் அவருடைய சம்பந்தி. ஏஜெண்டுகள் நடுவில் இரண்டு தடவை சண்டை, ஒரு தடவை எல்லோரும் ஒரே பொட்டலத்திலிருந்து வடை. சாயங்காலம் 17சி படிவத்தில் கணக்கு எழுதும்போது எழுபது விழுக்காட்டுக்கு மேல் வந்திருந்தது.

2021-ல் அண்ணா நகர் பக்கம் ஒரு பள்ளி. மின்விசிறி நன்றாக ஓடியது, கழிவறை சுத்தம், வாசலில் சாய்வுத்தளம், செல்ஃபி எடுக்க நீங்கள் வைத்த அட்டை. கொரோனா காலம் என்பதால் சாவடிக்கு ஆயிரம் பேர்தான் என்று பிரித்திருந்தீர்கள், கூட்டமே இல்லை. காலையில் நடைப்பயிற்சி முடித்து வந்த பெரியவர்கள், மறுபடி சாயங்காலம் கொஞ்சம் பேர். இரண்டு ஏஜெண்டுகள்தான், இரண்டு பேருமே வேறு பகுதியிலிருந்து வந்தவர்கள், ஒரு முகமும் தெரியாது. ஒருவர் மத்தியானம் வரை போன் பார்த்தார், அப்புறம் சாப்பிடப் போனவர் வரவேயில்லை. வராதவர் பட்டியல் எங்கேயும் போகவில்லை. போனாலும் யாரிடம் கொடுப்பது? அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி, உள்ளே போக ஆப்பில் அனுமதி கேட்க வேண்டும். பாதிப் பெயர் அப்படியே கோடு போடாமல் கிடந்தது.

மேலை நாட்டு ஆள் யாராவது இந்த இரண்டு சாவடியையும் பார்த்தால் குழம்பிப்போவார். அமெரிக்காவில் வசதியான, படித்த, சொந்த வீட்டுக்காரர்கள் உள்ள பகுதியில்தான் ஓட்டு அதிகம் விழும், ஏழைப் பகுதியில் குறையும். நம் ஊரில் தலைகீழ். காரணம் தேட ஆராய்ச்சி வேண்டாம். வியாசர்பாடி அக்காவுக்கு ரேஷன் கார்டிலிருந்து பட்டா வரை, தண்ணீர் லாரியிலிருந்து பிள்ளையின் காலேஜ் சீட் வரை எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறவர் கட்சியின் வட்டச் செயலாளர். அவர் தேர்தலன்று இவர் கதவைத் தட்டுவார், மற்ற நாளில் இவர் அவர் கதவைத் தட்டுவார். அண்ணா நகர் அபார்ட்மெண்டுக்குத் தண்ணீர் போர்வெல்லில் வருகிறது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர், பிள்ளை தனியார் பள்ளி. அவர் அரசாங்கத்தோடு பேசுவது வருமான வரி கட்டும்போது மட்டும். அவருக்கு ஓட்டு ஒரு கருத்து, வியாசர்பாடி அக்காவுக்கு ஓட்டு ஒரு உறவு. அந்த உறவில் பணமும் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் பட்டியல். எஸ்.ஐ.ஆர். என்கிற சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்து முடிந்து 2025 டிசம்பர் 19 நீங்கள் வெளியிட்ட வரைவுப் பட்டியலில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 14.25 லட்சம் பெயர் நீக்கம். இருந்தது 40.04 லட்சம். மூன்றில் ஒன்றுக்கும் மேல்! மாநிலம் முழுக்க 6.41 கோடியில் 97.37 லட்சம், அதாவது நூற்றுக்குப் பதினைந்து. அதிலும் 66 லட்சத்துக்கு மேல் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில்.

இதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் ஒரு சின்னக் கணக்கு. சாவடியில் நூறு பெயர், 56 பேர் ஓட்டுப் போட்டார்கள் என்றால் 56 விழுக்காடு. அந்த நூறில் 25 பேர் அந்த ஊரிலேயே இல்லை என்றால், இருந்தது 75 பேர், அதில் வந்தது 56, அப்போது அது 75 விழுக்காடு, மாநிலக் கணக்குக்கும் மேலே. நீக்கிய எல்லோரும் 2024-லேயே இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை, சிலர் அதற்குப் பிறகு போயிருப்பார்கள், சிலர் வீட்டிலேயே இருந்தும் பெயர் போயிருக்கும், அவர்கள்தான் இப்போது புதிதாகப் பெயர் சேர்க்கிற படிவம் 6-ஐக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். ஆனால் எந்தக் கணக்கு போட்டாலும், இத்தனை வருடமாகச் சோம்பேறி என்று நீங்கள் மாரத்தான் ஓடி எழுப்பியதில் ஒரு பெரிய பங்கு வெறும் காகிதப் பெயர்கள். கோலம் போட்டது செத்தவர்களுக்கும் வீடு மாறியவர்களுக்கும்.

அந்தக் காகிதப் பெயர்கள் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி சேருவதில்லை, வாடகைத் தெருவில்தான் குவிகின்றன. வேளச்சேரி, மடிப்பாக்கம், பழைய மகாபலிபுரம் சாலை ஓரம் எல்லாம் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாழ்கிற தெருக்கள். ஹவுஸ் ஓனர் வாடகையை ஏற்றினால் அடுத்த தெரு, பிள்ளைக்குப் பள்ளி மாறினால் அடுத்த பேட்டை. ஒவ்வொரு முறையும் முகவரி மாற்றுகிற படிவம் 8 போட வேண்டும். முகவரிக்கு ஆதாரம் என்ன? இ.பி. பில் ஓனர் பெயரில். வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்தது வேண்டும் என்கிறீர்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தை எந்த ஓனர் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறார்? பதினோரு மாதம் என்று போடுவதே பதிவு செய்யாமல் இருக்கத்தான். ஆதாரில் முகவரி மாற்று என்பீர்கள், அதற்கும் ஏதாவது காகிதம் கேட்பார்கள். அதனால் ஆள் மடிப்பாக்கத்தில், ஓட்டு மேற்கு மாம்பலத்தில். இப்போது எஸ்.ஐ.ஆரில் இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் உன் பெயர் எங்கே, உன் அப்பா பெயர் எங்கே என்று கேட்டபோது, மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார், ஏழு வீடு மாறியவர் எந்தத் தொகுதியில் தேடுவது என்றே தெரியாமல் விழித்தார். பாவம், வீடு வீடாக வந்த பி.எல்.ஓ.க்களும் (சாவடிநிலை அலுவலர்கள்) என்ன செய்வார்கள், அங்கன்வாடி வேலையும் பார்த்துக்கொண்டு மூன்று தடவை மாடி ஏறினார்கள்.

இதைவிட மோசம் நகரமே பிடுங்கி நட்ட தெருக்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களை, 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக, இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடிக் கட்டடங்களில் குடிவைத்தார்கள். ஆட்களை லாரியில் ஏற்றிய அரசாங்கம் அவர்களுடைய ஓட்டை அந்த லாரியில் ஏற்றவில்லை. அதே நாளில், அதே இடத்தில் ஒரு மேசை போட்டு முகவரி மாற்றிக் கொடுத்திருக்கலாம் இல்லையா? வீட்டு ஒதுக்கீட்டு ஆணையைவிட நல்ல முகவரிச் சான்று எது? பலர் பழைய முகவரியிலேயே பெயரை வைத்துக்கொண்டு, தேர்தல் வந்தால் இரண்டு பஸ் மாறிப் பழைய பேட்டைக்கு வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். சிலர் வேண்டுமென்றேதான் மாற்றவில்லை, அது அவர்களுக்கு அந்த இடத்தோடு மிச்சமிருக்கிற ஒரே கயிறு. கட்சிக்காரர்களும் மாற்றச் சொல்ல மாட்டார்கள், கைக்கு அடக்கமான ஓட்டை யார் விடுவார்? விளைவு என்ன என்றால், பெரும்பாக்கத்தில் தண்ணீர் மோட்டார் பழுதானால் கேள்வி கேட்கிறவரின் ஓட்டு பெரும்பாக்கத்தில் இல்லை. சோழிங்கநல்லூர், தமிழ்நாட்டிலேயே வாக்காளர் எண்ணிக்கை அதிகமான தொகுதி. ஒரு பக்கம் ஐ.டி. கம்பெனி வாடகைக்காரர்கள், இன்னொரு பக்கம் மறுகுடியமர்த்தப்பட்டவர்கள். இரண்டு கூட்டமும் வேறு எங்கேயோ ஓட்டு வைத்திருக்கிற ஊர். அங்கே வாக்குப்பதிவு குறைகிறது என்று யாரைத் திட்டுவது?

பணத்துக்கு வருகிறேன் என்றேனே. ஆர்.கே. நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வட சென்னை, அதே பழைய பட்டியல், அதே தண்ணீர்ப் பிரச்சினை. 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடா புகாரில் இடைத்தேர்தலை நீங்களே நிறுத்தினீர்கள். டிசம்பரில் மறுபடி நடந்தது, பிரஷர் குக்கர் சின்னத்தில் தினகரன் நாற்பதாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். வாக்குப்பதிவு 77 விழுக்காட்டுக்கு மேல்! சென்னையில் கேள்விப்படாத கணக்கு. மனசாட்சி ஒரே வருடத்தில் வளர்ந்ததா? இல்லை. ஒரு தொகுதிக்குள் எல்லாக் கட்சியின் ஆட்களும் இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் பல தடவை தட்டினார்கள். தட்டிய கையில் என்ன இருந்தது என்பது ஊரறிந்தது, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பணம் மட்டும்தான் காரணம் என்று முடித்துவிட்டால், கதவு தட்டுவது என்கிற விஷயம் கண்ணில் படாமல் போய்விடும். என் சாவடிகளில் ஒரு பைசா வாங்காத பாட்டிகளும் "யாராவது வந்து கூப்பிட்டாத்தான வரணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குக்கூட பத்திரிகை தபாலில் வந்தால் போகாத ஊர் இது.

இப்போது கொஞ்சம் கட்சி விஷயம். தெரு ஆளைச் சாவடிக்குக் கொண்டுவருகிறது, சரி, எந்தச் சின்னத்தை அழுத்த வைக்கிறது என்பதிலும் தெருவுக்குப் பங்கு உண்டு. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். மில்லும் துறைமுகமும் ரயில்வே பணிமனையும் சூழ்ந்த பகுதி, தொழிற்சங்கமும் படிப்பகமும் தெருவுக்குத் தெரு இருந்த பகுதி. 1991-ல் ராஜீவ் கொலைக்குப் பிந்திய அலையில் மாநிலம் முழுக்கத் தோற்ற அந்தக் கட்சி ஜெயித்த இரண்டே இடம் துறைமுகமும் எழும்பூரும். அதனால் வட சென்னை ஒரே கட்சிக் கோட்டை என்று எழுதுகிறார்கள். ஆனால் அதே ராயபுரத்தில் 1991 தொடங்கி 2016 வரை ஐந்து முறை ஜெயித்தவர் அ.தி.மு.க.வின் ஜெயக்குமார். கோட்டைக்குள் இன்னொரு கோட்டை. 2024-ல் மூன்று தொகுதியையும் தி.மு.க. எடுத்தது, ஆனால் இரண்டாவது இடத்தைப் பாருங்கள்: வட சென்னையில் அ.தி.மு.க., மற்ற இரண்டிலும் பா.ஜ.க. ஒரே நகரம், ஒரே நாள், அரை மணி நேர ரயில் தூரம்.

1930-களில் ஸ்வீடனில் ஹெர்பர்ட் டிங்ஸ்டன் என்ற அறிஞர் ஸ்டாக்ஹோமின் தேர்தல் கணக்கைப் பேட்டைவாரியாகப் பிரித்துப் பார்த்தார். தொழிலாளிகள் நெருக்கமாக வாழும் பேட்டையில் தொழிலாளி அதிகம் ஓட்டுப் போடுகிறார், அதே தொழிலாளி பணக்காரப் பேட்டையில் தனியாக இருந்தால் அவ்வளவு போடுவதில்லை. நான் என் சாவடியில் பார்த்ததும் அதுதான். தன்னைப் போன்றவர்கள் நடுவில் இருக்கிறவர் கூட்டமாகக் கிளம்பி வருகிறார். "நம்ம ஒரு ஓட்டு இங்க என்ன பண்ணப் போகுது" என்று நினைக்கிறவர், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், டி.வி. பார்க்கிறார்.

ஆனால் ஜாக்கிரதை. தெருவின் கணக்கை வைத்து அந்தத் தெருவில் இருக்கிற ஆளைத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தென் சென்னையில் பா.ஜ.க. 2 லட்சத்து 90 ஆயிரம் ஓட்டு வாங்கியதும் "மயிலாப்பூர் என்றாலே இப்படித்தான்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். அதே தொகுதியில் தி.மு.க. வாங்கியது 5 லட்சத்து 16 ஆயிரம். மயிலாப்பூரில் அக்ரகாரமும் இருக்கிறது, குப்பமும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான்.

இந்த இடத்தில்தான் உங்களிடம் எனக்குப் பெரிய சண்டை இருக்கிறது. ஓட்டு ரகசியம் என்று பயிற்சி வகுப்பில் எங்களுக்கு மணிக்கணக்காகச் சொல்லித் தருகிறீர்கள். அட்டை மறைப்பு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்றுகூட. அப்புறம் எண்ணி முடித்ததும் சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று படிவம் 20-ல் போட்டு ஊருக்கே காட்டுகிறீர்கள். ஆயிரம் பேர் உள்ள சாவடி என்றால் நாலைந்து தெரு. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று வட்டச் செயலாளருக்கு மறுநாள் தெரிந்துவிடும். "உங்க ஏரியால எங்களுக்கு விழலியே, இப்ப எதுக்கு வந்தீங்க" என்ற வசனத்தை நான் என் காதால் கேட்டிருக்கிறேன், சாக்கடை அடைப்பு விஷயமாகப் போனபோது. இது தமிழ்நாட்டுச் சங்கதி மட்டும் இல்லை. 2019-ல் உத்தரப் பிரதேசத்தில், அப்போது மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி, ஓட்டு விழுந்த அளவுப்படி கிராமங்களை ஏ, பி, சி, டி என்று பிரிப்போம், வேலை அந்த வரிசையில்தான் நடக்கும் என்று மேடையிலேயே பேசினார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. கண்டித்தது சரி, பிரிக்கிற கணக்கைக் கையில் கொடுத்தது யார்?

காகித ஓட்டு இருந்த காலத்தில், பயம் இருக்கிற இடங்களில் பல பெட்டியைக் கலந்து எண்ண விதி இருந்தது. மெஷின் வந்தபின் அது போனது. பதினான்கு சாவடி மெஷின்களைச் சேர்த்து மொத்தமாகக் கணக்குக் காட்டும் டோட்டலைசர் கருவியை 2008-லேயே கேட்டது நீங்கள்தான், அதாவது உங்கள் ஆணையம். 2015-ல் சட்ட ஆணையமும் ஆமாம் என்றது. மத்திய அரசு வேண்டாம் என்றது, அத்தோடு நின்றுவிட்டது. நீங்களும் பேச்சை விட்டுவிட்டீர்கள்.

ஆக இன்றைய நிலைமை இது: தெரியக்கூடாதது தெரிகிறது, தெரிய வேண்டியது தெரியவில்லை. எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்பது சாவடி அளவில் வெளியே வருகிறது. எத்தனை பேர் வந்தார்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எத்தனை பெயர் நீங்கள் கொடுத்த வராதவர்–மாறியவர்–இறந்தவர் பட்டியலில் இருந்தது, அந்தச் சாவடியில் எந்தெந்தத் தெரு என்பதை ஒரே இடத்தில், வரைபடத்தோடு, படிக்கிற மாதிரி நீங்கள் கொடுத்து நான் பார்த்ததில்லை. கொடுப்பதும் ஸ்கேன் செய்த காகிதம், கோணலாக. அடுத்த தேர்தலில் சாவடி எண்ணையே மாற்றிவிடுகிறீர்கள், போன தடவையோடு ஒப்பிட வழியில்லை. நான் கேட்பது இதைத் திருப்பிப் போடுங்கள் என்றுதான். வந்தவர் எத்தனை என்பது தெரு அளவில் எல்லோருக்கும் தெரியட்டும். எந்தக் கட்சி என்பது பத்துப் பதினைந்து சாவடியைச் சேர்த்துத் தெரிந்தால் போதும். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள், அவர்களுக்குச் சாவடிக் கணக்குதான் சோறு. திட்டட்டும். சாக்கடை அடைப்பை எடுக்கச் சொல்லிப் போகிறவருக்கு அது தேவையில்லாத ஆபத்து.

இதே காரணத்துக்காகத்தான், அபார்ட்மெண்ட் வளாகங்களுக்குள்ளேயே சாவடி வைக்கலாம் என்று ஆணையம் ஆரம்பித்திருக்கிற ஏற்பாட்டிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. லிஃப்டில் இறங்கி ஓட்டுப் போட்டால் நாலு பேர் கூடுதலாக வரலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரே வளாகத்துக்கு ஒரு சாவடி என்றால் அந்த வளாகத்தின் ஓட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி. பக்கத்துக் குப்பத்துக்காரரும் இவரும் ஒரே வரிசையில் நிற்கிற ஒரே நாளும் போய்விடும். அப்படியே வைப்பதாக இருந்தாலும் முதல் சாவடியைப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடத்தில் வையுங்கள். அதுவும் அடுக்குமாடிதானே.

கோலப் போட்டிக்குச் செலவாகிற பணத்தில் ஒன்று செய்யலாம். போன தேர்தலில் ஐம்பதுக்குக் கீழே போன சாவடிகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தத் தெருவிலேயே குடியிருக்கிற இரண்டு பேரை, எந்தக் கட்சியிலும் இல்லாதவர்களை, ஒரு மாதம் சம்பளத்துக்குப் போட்டு வீடு வீடாகப் போகச் சொல்லுங்கள். இருக்கிறாரா, இல்லையா, வேறு எங்கே ஓட்டு, மாற்ற என்ன காகிதம் குறைகிறது. வாடகை வீட்டுக்காரருக்குப் பக்கத்து வீட்டு வாக்காளர் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஒரு விதி கொண்டுவர டெல்லிக்கு எழுதுங்கள். வாடகை ஒப்பந்தத்தைவிட எதிர் வீட்டு அக்காவுக்குத்தான் யார் குடியிருக்கிறார் என்று நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒருவரைப் பற்றி. நான் பார்த்த ஒரு ஆற்றங்கரைச் சாவடியில் இரண்டு தேர்தலில் ஓட்டுப் போட வந்தவர். வீட்டு வேலை செய்கிறவர். பெரும்பாக்கத்துக்கு மாற்றி ஒன்பது வருடம். முதல் தடவை வரும்போது, "எங்க வீடு இருந்த எடத்துல இப்ப வேலி போட்டு செடி வச்சிருக்காங்க டீச்சர், பாத்துட்டு வந்தேன்" என்றார். எஸ்.ஐ.ஆரில் அந்த வேலிக்குள் படிவம் கொடுக்க ஆள் இல்லை, அதனால் பழைய இடத்தில் அவர் பெயர் நீங்கிவிட்டது. விதிப்படி சரிதான். போன வாரம் என்னைத் தேடி வந்தார், படிவம் 6-ஐ நான்தான் எழுதிக் கொடுத்தேன். உறுதிமொழிப் பத்திரத்தில் அந்த இருபது வருடப் பழைய பட்டியலில் இருந்த உறவினர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவருடைய அம்மா பெயரைப் பழைய பட்டியலில் தேட எனக்கு இரண்டு சாயங்காலம் ஆனது, கண்ணாடி போட்டும் பூதக்கண்ணாடி வைத்தும். கிடைத்தது, ஒரு எழுத்து மாறி. 2026 ஜனவரி 18 கடைசித் தேதி என்பதால் நேற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அன்றைக்கு ஒரு நாள் லீவு சொல்ல வேண்டும், அந்தச் சம்பளம் போகும் என்று கணக்குச் சொன்னார். ஒதுக்கீட்டு ஆணையின் நகலை மூன்று எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். விசாரணையை ஞாயிற்றுக்கிழமை வைக்க முடியுமா?

இப்படிக்கு,
பதினோரு தேர்தலில் உங்களோடு கண்விழித்த ஒரு டீச்சர்
சென்னை, டிசம்பர் 2025